தவிடு யாரைக் கண்டு பயந்தது?

அத்தியாயம் 17

பவானி கேட்டது ஒன்றே ஒன்றுதான். நாய்க்குட்டி வேண்டுமென்றால் அண்ணன் நேரில் வந்து கேட்கட்டும்.

மதினி யுவராணியிடம் இதைச் சொல்லி அனுப்பி மூன்று நாள் ஆகிவிட்டது. இன்று ஞாயிற்றுக்கிழமை. அண்ணன் செல்லப்பாண்டி வந்துவிடுவார் என்று பவானிக்குத் தெரியும். அவர் மகள் சினேகா இரண்டு நாளாகப் பள்ளிக்கூடம் போகாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாளாம். வேறு குட்டி வாங்கித் தருவதாகச் சொன்னதற்கும் அசையவில்லையாம். ஒற்றைப் பிள்ளை. அவள் ஒரு வேளை சாப்பிடாவிட்டால் செல்லப்பாண்டிக்கு அன்றைக்கு எந்த வேலையும் ஓடாது.

காமயகவுண்டன்பட்டிக்கு மேற்கே அப்பா இரண்டாகப் பிரித்துக் கொடுத்த திராட்சைத் தோட்டம் அது. வடக்குப் பாதி அண்ணனுக்கு, தெற்குப் பாதி தங்கைக்கு. நடுவில் பொதுக் கிணறு. ஒரு நாள் அவர் முறை, மறுநாள் இவள் முறை. இவளுடைய முறையில் அவர் திருட்டுத்தனமாக மோட்டார் போடும்போதெல்லாம் பவானியின் நாய் செவலை குரைத்துக் காட்டிக்கொடுத்தது.

முப்பத்தைந்து நாளுக்கு முன் ஒரு காலையில் செவலை தண்ணீர்த் தொட்டியோரம் வாயில் நுரையோடு செத்துக் கிடந்தது. கண் திறந்து ஒரு வாரமே ஆன ஆறு குட்டிகள் அதன் மடியை முட்டிக்கொண்டிருந்தன.

போலீஸ் ஸ்டேஷனில், பார்த்த ஆள் யாராவது உண்டா என்று கேட்டார்கள். யாரும் இல்லை. ஊரில் நாலு பேர், ஒரு நாய்க்காகக் கூடப்பிறந்தவனைக் கோர்ட்டுக்கு இழுப்பாயா என்றார்கள். செல்லப்பாண்டி, "நான் என்னத்தக் கண்டேன்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

ஆறு குட்டிகளில் இரண்டு அந்த வாரமே போய்விட்டன. மிச்சம் நான்கை மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து ஆட்டுப்பால் புகட்டிக் காப்பாற்றினாள் பவானி. ஒவ்வொரு தடவை எழும்போதும் அண்ணனின் முகம்தான் முதலில் ஞாபகத்துக்கு வந்தது. தூக்கம் கெடக் கெட அந்த முகம் தெளிவாகிக்கொண்டே போனது.

அவளுக்கு நாய்தான் பிழைப்பு. கால்நடை ஆஸ்பத்திரியில் எட்டு வருடம் உதவியாளாக இருந்தவள். இப்போது மேகமலை எஸ்டேட் பங்களாக்களுக்குக் குட்டி வளர்த்துக் கொடுக்கிறாள். எட்டு வாரத்தில் கைமாற்றும்போதே அவளுடைய குட்டிகள் பேரைச் சொன்னால் திரும்பும். வாயில் கவ்வியதைக் கேட்டால் விட்டுவிடும். வெடிச் சத்தத்துக்கு ஓடி ஒளியாது. எல்லாமே விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்தது. அடித்ததில்லை, அதட்டியதுகூட இல்லை.

இந்த நாலுக்கும் அப்படித்தான் ஆரம்பித்தாள். வேலிச் சந்து வழியாக சினேகா எட்டிப் பார்த்தபோது முதலில் விரட்டத்தான் நினைத்தாள். பிறகு யோசித்து, "உள்ள வா" என்றாள்.

மூன்று வாரமாக ஒன்பது வயதுப் பிள்ளை தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் வந்தது. ஒரு பக்கம் அத்தை, மறுபக்கம் சினேகா. நடுவில் குட்டி. இவள் கூப்பிட்டால் இங்கே ஓடி வரும், ஒரு துண்டு ஈரல் கிடைக்கும். அவள் கூப்பிட்டால் அங்கே ஓடும். கால் நிதானப்படாத வயது, திரும்பும்போது குப்புற விழுந்து எழுந்து ஓடும். பழைய சாக்ஸை முடிச்சுப் போட்டுக் கொடுத்து, அது இழுத்து விளையாடும்போது மூக்குக்குப் பக்கத்தில் ஈரலை நீட்டினால் சாக்ஸை விட்டுவிடும். விட்டதும் ஈரலையும் கொடுத்து, சாக்ஸையும் திரும்பக் கொடுக்க வேண்டும்.

"ஏன் அத்தை திரும்பக் குடுக்கணும்?"

"விட்டுக்குடுத்தா நட்டமில்லன்னு அதுக்குத் தெரியணும்ல. பன்னெண்டு வாரத்துக்குள்ள மனசுல விழுந்தது அழியவே அழியாது சினேகா. நல்லது விழுந்தாலும் சரி, கெட்டது விழுந்தாலும் சரி."

தவிட்டு நிறத்தில் ஒரு குட்டி. அதற்குத் தவிடு என்று பேர் வைத்ததே சினேகாதான். அது அவள் மடியை விட்டு இறங்காது.

தவிட்டுக்கு மட்டும் பவானி வேறொரு விளையாட்டும் சொல்லிக்கொடுத்திருந்தாள். அது சினேகாவுக்குத் தெரியாது.

கிணற்று மேட்டில் செல்லப்பாண்டி மறந்துவிட்டுப் போன துண்டு ஒன்று அவள் கையில் சிக்கியிருந்தது. வியர்வையும் பீடியும் கலந்து நாறிய துண்டு. பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கும் மத்தியான நேரத்தில் ஷெட்டுக்குள் தவிட்டைத் தனியாகக் கொண்டுபோய் அந்தத் துண்டை விரிப்பாள். குட்டி ஆசையாக மோந்து பார்க்க வரும். மூக்கு துண்டில் பட்டதும் தலைக்கு மேலிருந்து தகரத் தட்டைக் கல்லின்மேல் போடுவாள்.

முதல் நாள் அலறிக்கொண்டு ஓடிய குட்டி அவள் மடியில்தான் வந்து ஒளிந்தது. போட்டவள் அவள்தான் என்று அதற்குத் தெரியவில்லை. அதன் நெஞ்சு அடித்துக்கொண்டது அவள் உள்ளங்கையில் தெரிந்தது. அன்றைக்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஆறாம் நாளிலிருந்து தட்டுக்கு அவசியம் இல்லாமல் போனது. துண்டை எடுத்தாலே போதும், தவிடு நடுங்கியது.

காலை எட்டரை மணிக்கு செல்லப்பாண்டி வந்தார். வெள்ளை வேட்டி, தேய்த்த சட்டை. பின்னால் யுவராணி. அவள் கையைப் பிடித்துக்கொண்டு சினேகா, தலைசீவி, ரிப்பன் கட்டி.

பந்தலுக்குள் திராட்சை வெட்டு நடந்துகொண்டிருந்தது. ஏழெட்டுப் பெண்கள் கத்தரியால் குலைகளை நறுக்கிப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வேண்டுமென்றேதான் பவானி இன்றைக்கு வெட்டு வைத்திருந்தாள்.

"வாங்கண்ணே."

"பிள்ளை கேக்குது. குட்டியக் குடுத்துரு தாயி. நடந்தத மனசுல வச்சுக்கிராத."

"எத மனசுல வச்சுக்கிராம இருக்கணும்ணே?"

செல்லப்பாண்டி பந்தல் பக்கம் பார்த்தார்.

"குட்டியத் தாரேன். இங்கன ஒரு வழக்கம் இருக்கு. எந்த வீட்டுக்குப் போகுதோ அந்த வீட்டுப் பெரியவுக கூப்பிட்டு, மூணு தடவ அதுவாத் தேடி வரணும். எஸ்டேட் ஆளுக வந்தாலும் அதேதான்."

"சினேகா கூப்பிட்டா வருதுல்ல?"

"வரும். வீட்டுக்குப் பெரியவுக நீங்கல்ல."

சினேகா அப்பாவின் கையை இழுத்தாள். "சும்மா விளையாட்டுதாம்ப்பா. ஈசி. நான் சொல்லித்தாரேன்."

பவானி போய்த் தவிட்டை மட்டும் எடுத்து வந்து பத்தடி தள்ளி இறக்கிவிட்டாள். காற்று அண்ணன் பக்கத்திலிருந்து அடிக்கவில்லை. குட்டி சினேகாவைப் பார்த்து வாலை ஆட்டியது.

"நின்னுக்கிட்டுக் கூப்பிட்டா வராதுண்ணே. அது கண்ணுக்கு நீங்க பனை உசரம். கீழ உக்காருங்க."

செல்லப்பாண்டி வேட்டியைச் சுருட்டிக்கொண்டு குத்தவைத்தார்.

"அதுவும் உசரம். மண்டி போடுங்க."

கத்தரிச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. வெட்டுக்கு வந்த கருத்தம்மாள் பந்தல் காலில் சாய்ந்துகொண்டு பார்த்தாள். செல்லப்பாண்டியின் கழுத்து சிவந்தது. மகளின் முகத்தை ஒரு முறை பார்த்தார். ஈர மண்ணில் இரண்டு முழங்காலையும் ஊன்றினார்.

"கைய மேல பாக்கத் திருப்பித் தரையில வைங்க. ஒருத்தர்கிட்டக் கேக்குற மாதிரி."

வைத்தார்.

"இப்பக் கூப்பிடுங்க. கொரல அதட்டலா வைக்காதீக."

"தவிடு," என்றார் செல்லப்பாண்டி. அவருடைய குரல் அவருக்கே கேட்டிருக்காது. "தவிடு, இங்கன வா. வா சாமி."

குட்டி குடுகுடுவென்று ஓடி வந்தது. நாலடி இருக்கும்போது நின்றது. மூக்கைத் தூக்கியது. காது இரண்டும் மண்டையோடு ஒட்டிக்கொண்டன. நின்ற இடத்திலேயே மூத்திரம் போனது. அப்புறம் ஒரு கத்தல். சின்ன உடம்பிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. திரும்பி விழுந்து, எழுந்து, பெட்டிகளுக்கு நடுவே புகுந்துகொண்டது.

பந்தலுக்குள் யாரோ உச்சுக்கொட்டினார்கள்.

"இன்னும் ரெண்டு தடவ இருக்கு," என்றாள் பவானி. "கூப்பிடுங்கண்ணே."

"போதும் பவானி," என்றாள் யுவராணி.

"பிள்ளை ஆசப்படுதுல்ல மதினி. கூப்பிடட்டும்."

செல்லப்பாண்டி மறுபடி கூப்பிட்டார். பெட்டிக்குப் பின்னாலிருந்து முனகல் மட்டும் வந்தது. மூன்றாம் தடவை கூப்பிட வாய் வரவில்லை. மண்டி போட்டபடியே இருந்தார்.

சினேகா அப்பாவுக்கு எதிரே வந்து நின்றாள். "ஏம்ப்பா உங்களப் பார்த்து மட்டும் இப்படிப் பயப்படுது?"

இந்த ஒரு கேள்விக்காகத்தான் பவானி இரண்டு வாரம் பாடுபட்டது. அவளுக்கு உடம்பெல்லாம் சூடாக, இதமாக இருந்தது.

"அப்பாகிட்டயே கேளு தங்கம். குட்டிக்குப் பொய் சொல்லத் தெரியாது."

"பிள்ளைகிட்ட என்னத்தச் சொல்லி வச்சிருக்க?" என்றார் செல்லப்பாண்டி.

"ஒரு வார்த்த சொல்லல. மூணு வாரமா உள்ள விட்டேன், செவலை பேரக்கூட எடுக்கல. நீங்களே உங்க வாயால சொல்லிக்கிருவீகன்னு இருந்தேன். சொல்லுங்க. ஏன் பயப்படுதுன்னு சொல்லுங்க."

செல்லப்பாண்டி மண்ணைப் பார்த்தார். சினேகா எதையோ கூட்டிக் கழித்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது.

"செவலை செத்துச்சுல்ல. அதுனாலயாப்பா?"

"வீட்டுக்குப் போலாம் வா."

"அதுக்கு முந்தின நாள் சாயந்திரம் தூக்குவாளியில கோழிக்கறி குடுத்து விட்டீகளே. பிள்ள பெத்த நாய், பாவம், போட்டுட்டு வான்னீகளே." கொஞ்சம் நிறுத்தி, மெதுவாகக் கேட்டாள். "அந்தக் கறியாப்பா?"

பவானி ஒரு அடி முன்னால் வைத்தாள்.

இது அவளுக்குத் தெரியாது. வெளியாள் போடுவதை செவலை தொடாது. பச்சைக் குட்டியாக இருக்கும்போதே பழக்கியது. பிறகு எப்படித் தின்றது என்று முப்பத்தைந்து நாளாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள். சினேகா தவழ்ந்த காலத்திலிருந்து செவலைக்குப் பழக்கம். அந்தக் கையில் இருந்து எது கொடுத்தாலும் தின்னும்.

சினேகா தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டாள். "அப்ப நாந்தானா அத்தை?"

அதற்கப்புறம் பவானிக்கு நினைவில்லை. "விடு ஆத்தா, கத்தரிய விடு" என்று கருத்தம்மாள் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்துச் சொன்ன பிறகுதான் தன் கையில் திராட்சைக் கத்தரி இருப்பதையும், அண்ணனின் முகத்துக்கு எட்டும் தூரத்தில் தான் நிற்பதையும் பார்த்தாள்.

செல்லப்பாண்டி விலகக்கூட இல்லை. "காட்டுப்பன்னிக்குன்னு வச்சிருந்த மருந்து..." என்று யுவராணியைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார்.

"பன்னிக்கு வச்சத பிள்ள கையில ஏன் குடுத்தீக?" என்றாள் யுவராணி.

அவர் அவசரமாக எழுந்து மகளை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "உனக்கு ஒண்ணும் தெரியாது சாமி, உன் மேல ஒண்ணுமில்ல, அப்பாதான், அப்பா மேலதான்..." சினேகா கட்டை மாதிரி நின்றாள். அணைக்கவும் இல்லை, விலகவும் இல்லை.

யுவராணி இடுப்பிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்தாள். கணவரின் கையைப் பிள்ளையின் முதுகிலிருந்து பிரித்து, விரலை விரித்து, சாவியை உள்ளங்கையில் வைத்தாள்.

"நீங்க போங்க. நானும் பிள்ளையும் வரல."

"யுவா, ஊரு பாக்குது."

"பாக்கட்டும். பாக்குறதுக்குத்தான நிக்கிறாக."

அவர் நடந்து போனார். வேட்டியில் இரண்டு முழங்கால் இடமும் செம்மண் ஈரம். கிணற்று மேடு தாண்டும்வரை பவானி பார்த்துக்கொண்டே நின்றாள். நினைத்தது நடந்துவிட்டது. நினைத்ததற்கு மேலேயே நடந்துவிட்டது. ஆனாலும் எரிச்சல் ஒரு பிடி கூடக் குறையவில்லை. நாயைக் கொன்றதற்குத்தான் இத்தனை நாள் இந்த எரிச்சல். அதைப் பிள்ளை கையால் செய்தவனுக்கு மண்டி போட்டது எந்த மூலைக்கு?

சினேகா பெட்டிகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, மெதுவாக, அத்தை சொல்லிக்கொடுத்த மாதிரியே கையைத் திருப்பி வைத்து, "தவிடு" என்றாள்.

குட்டி எட்டிப் பார்த்தது. வாலை லேசாக ஆட்டிக்கொண்டு இரண்டடி வந்தது. அவள் சட்டையெல்லாம் அப்பாவின் வியர்வை. மூக்கை நீட்டிய குட்டி வீலென்று கத்திப் பின்னால் போய்விட்டது.

சினேகா அழவில்லை. கையை மடியில் புதைத்துக்கொண்டாள். "என் கை கெட்டுப்போச்சுன்னு அதுக்குத் தெரிஞ்சிருச்சு" என்றாள்.

பவானி வாயைத் திறந்தாள். உண்மையைச் சொல்ல நாலு வார்த்தை போதும். சொல்லாமல் உள்ளே போய்விட்டாள்.

மத்தியானம் சினேகா கட்டிலில் தூங்கிப்போனாள். போர்த்திவிட ஏதாவது கிடைக்குமா என்று ஷெட்டுக்குள் தேடப் போன யுவராணி ஒரு சாக்கோடு திரும்பி வந்தாள். அதிலிருந்து துண்டை எடுத்துப் பவானிக்கு முன்னால் போட்டாள். அப்புறம் நசுங்கிய தகரத் தட்டை அதன்மேல் போட்டாள்.

"இது இவுக துண்டு."

"ஆமா."

"தட்டு எதுக்கு?"

பவானி மறைக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். மத்தியான நேரம், கல், ஆறு நாள், எல்லாம்.

"அவுக கறி குடுத்துப் பிள்ளைய அனுப்புனாக. நீ குட்டியப் பழக்கிப் பிள்ளைய வரவச்ச." யுவராணி துண்டை மடித்தாள். "ரெண்டு பேரும் ஒரே வயித்துல பொறந்தவுகதான்."

"அந்த ஆறும் ராவெல்லாம் கத்துன சத்தம் உங்களுக்குக் கேக்கல மதினி."

"கேட்டுச்சு. எங்க வீட்டு ஜன்னல் வரைக்கும் கேட்டுச்சு. இவுக எந்திரிச்சு ஜன்னலச் சாத்துனாக. அப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும்." அவள் குரல் உடையவே இல்லை. "சினேகாகிட்ட உன்னப் பத்திச் சொல்ல மாட்டேன். நீயேதான் சொல்லணும். எப்பன்னு நீயே பாத்துக்க."

வேலையாட்கள் பெட்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். கருத்தம்மாள் போகும்போது கத்தரிகளை எண்ணி எடுத்துக்கொண்டாள்.

பொழுது சாயும் நேரத்தில் யுவராணி முகம் கழுவிக்கொண்டு வந்து பவானிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஸ்டேஷன்ல சாட்சி கேட்டாகன்னு சொன்னியே."

பவானி நிமிர்ந்தாள்.

"நாளைக்கு நானும் வாரேன். பொண்டாட்டியே எழுதிக் குடுத்தா ஏத்துக்கிருவாகல்ல?"

"நீங்க பார்த்தீகளா மதினி?"

"இல்ல."

"கறி குடுத்தத?"

"இல்ல. நான் அன்னிக்குச் சின்னமனூர்ல, அம்மா வீட்ல இருந்தேன்."

பார்த்தது ஒரே ஒரு ஆள். அந்த ஆளுக்கு ஒன்பது வயது.

"வேண்டாம்," என்றாள் யுவராணி. கொஞ்சம் கழித்து, "வேற வழியும் இல்ல" என்றாள். அப்புறம் பவானியின் முகத்தைப் பார்த்தாள். "எனக்கு இப்பப் புத்தி ஒரு நிலையில இல்ல. நீ வேண்டாம்னா விட்டுருவோம். அவுகள வேற விதமாப் பாத்துக்கிருவோம். நீ சொல்லு."

கதவடியில் சினேகா நின்றுகொண்டிருந்தாள். எப்போது எழுந்தாள் என்று தெரியவில்லை. ரிப்பன் ஒன்று அவிழ்ந்து தோளில் தொங்கியது.

"நான் சொல்றேன் அத்தை."

"நீ போய்ப் படு தங்கம்."

"நாந்தான் பார்த்தேன். தூக்குவாளி, கறி எல்லாம். நான் சொல்றேன்." அவிழ்ந்த ரிப்பனை விரலில் சுற்றினாள். "சொன்னா அப்பாவப் பிடிச்சுக்கிருவாகளா?"

"தெரியல."

"என்னைய?"

"உன்னைய யாரும் ஒண்ணும் செய்ய மாட்டாக."

"கறியப் போட்டது நாந்தானன்னு கேப்பாகல்ல?"

கேட்பார்கள். பவானிக்குத் தெரியும். ஸ்டேஷன் பெஞ்சில் காலை ஆட்டாமல் உட்கார்ந்து, சீருடை போட்ட ஆட்களுக்கு முன்னால், இந்தப் பிள்ளை அந்தச் சாயந்திரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். இன்றைக்கு ஒரு நாளிலேயே இவ்வளவு ஆகிவிட்டது. போதும். இதை இங்கேயே முடித்துவிடலாம்.

யுவராணி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேண்டாம் என்று சொல்லத்தான் பவானி நினைத்தாள். அப்போது கிணற்று மேட்டில் மோட்டார் போடும் சத்தம் கேட்டது. இன்றைக்குத் தண்ணீர் முறை அவளுடையது.

"காலையில முத பஸ்ஸுக்குப் போவோம்," என்றாள். "பக்கத்துல வந்து உக்காரு சினேகா. எப்படிச் சொல்லணும்னு அத்தை சொல்லித்தாரேன்."